பாட்டுக்குப் பட்டா கேட்டு போட் மெயிலில் வந்தவர்

தனுஷ்கோடியில் வேலை செய்தவர் யார், பேர் வாங்கியவர் யார் என்ற தகராறு திரேதா யுகத்திலேயே தொடங்கிவிட்டது. கடல்மேல் பாலம் போட்ட இன்ஜினியர் நளன். கல் சுமந்தது வானரப் படை. மணல் சுமந்தது அணில். பாலத்துக்குப் பேர் என்னவோ ராமர் பாலம். பிறகு மேப் வரைய வந்த வெள்ளைக்காரர்கள் அதற்கு ஆதாம் பாலம் என்று பேர் எழுதினார்கள். ஆதாம் ஒரு சல்லிக்கல்கூட எடுத்து வைத்தவர் இல்லை. போர் முடிந்ததும் விபீஷணன் கேட்டுக்கொண்டபடி ராமர் வில்லின் நுனியால் பாலத்தை உடைத்தார், அதனால்தான் ஊருக்குத் தனுஷ்கோடி என்று பேர் வந்தது என்பார்கள். ஆக, உடைத்ததற்கு ஓர் ஊரே பேர் சுமக்கிறது. கட்டியவனைப் பற்றி விசாரித்தால், "நளனா? தமயந்தி புருஷன்தானே?" என்கிறார்கள். அது வேறு நளன்.

சாமி பாட்டின் சரித்திரமும் ஏறக்குறைய இப்படித்தான். ஆலயத்தில் பாடும் பாட்டுக்குப் பட்டா என்னிடம் இருக்கிறது என்று காலம்தோறும் யார் யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். பாட்டைக் கட்டியவர் மட்டும் பெரும்பாலும் அந்த வரிசையில் இருக்கமாட்டார்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தால் கொழும்பு. போட் மெயில் என்று ஊரெல்லாம் சொன்ன பயணம் அது. பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கிக்கொள்ளும் பகுதிக்கு ஷெர்சர் என்று பேர். வில்லியம் ஷெர்சர் சிகாகோக்காரர். அந்த உத்திக்குப் பேடன்ட் உண்டு. மனிதர் 1893-லேயே இறந்துவிட்டார், பாம்பனில் மட்டும் பேர் நூறாண்டு ஓடியது. இந்தச் சிகாகோவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அதே பிப்ரவரியில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் நிறைவேறியது. லண்டனில் 1911-ல் போட்ட சட்டத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். பாட்டுக் கட்டியவர் இருக்கும் வரைக்கும், போய்ச் சேர்ந்து 50 ஆண்டு வரைக்கும் பாட்டு அவர் சொத்து. கேட்காமல் அச்சடிக்கவும் கூடாது, பொது இடத்தில் பாடவும் கூடாது. பாலமும் சட்டமும் ஒரே மாதத்தில் வந்த பிறகு, ஒரு லைசென்ஸ் ஆபீசரைக் கற்பனையாகப் போட் மெயிலில் ஏற்றிவிடுவதில் குற்றமில்லை. கோட்டு, தொப்பி, தோல் பை, பைக்குள் ரசீதுப் புத்தகம். தனுஷ்கோடியில் இறங்கியவர் கருவாட்டு வாசத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நேராக வேதக்கோயில் வாசலுக்குப் போகிறார். உபதேசியார் மட்டும் இருக்கிறார்.

"இங்கே பாட்டுப் பாடுகிறீர்களா?"

"பாடாம எப்படிங்கய்யா?"

"யார் அனுமதியில்?"

"சாமியாரு அனுமதியிலதான்."

"அவர் யாரிடம் வாங்கினார்?"

"மேற்றிராணியாருகிட்ட. அவரு போப்பாண்டவருகிட்ட. போப்பாண்டவரு யாருகிட்ட வாங்குனாருன்னா, ஐயா மேல போய்த்தான் விசாரிக்கணும்."

"சரி, பாட்டை எழுதியவர் யார்?"

"பூசையில பாடுறது லத்தீனுங்க. பரிசுத்த ஆவி புறா ரூபத்துல வந்து அர்ச். கிரகோரியார் காதுல ஓதுச்சாம். அவரு எழுதிக்கிட்டாராம்."

ஆபீசர் படிவத்தைப் பார்க்கிறார். உரிமையாளர் என்ற இடத்தில் புறா என்று எழுதலாம். அடுத்த கட்டத்தில் நிரந்தர முகவரி கேட்டிருக்கிறதே!

உபதேசியார் சொன்ன புறா கதையைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த லத்தீன் பாட்டுக்கே ஐரோப்பாவில் பட்டா போட்டு விற்றிருக்கிறார்கள் என்பது கற்பனை இல்லை. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகரத்து புஸ்டெட் என்ற அச்சகத்தாருக்கு, வழிபாட்டு இசைப் புத்தகங்களை அச்சிடும் தனியுரிமையை 19-ஆம் நூற்றாண்டில் வத்திக்கான் 30 ஆண்டுக்குக் கொடுத்தது. புறா ஓதியது ரோமில். ரசீது போட்டது ரேகன்ஸ்பர்க்கில். அந்தப் பதிப்பில் ராகமே பிசகு என்று பிரான்ஸில் சொலேம் மடத்துத் துறவிகள் முணுமுணுத்தார்கள். பழைய கையெழுத்துச் சுவடிகளை எல்லாம் தேடி, ஒப்பிட்டு, உண்மையான மெட்டு இதுதான் என்று நிறுவுவதிலேயே தலைமுறை தலைமுறையாகத் தவம் கிடந்தார்கள். 1901-ல் புஸ்டெட்டின் கெடு முடிந்தது. அடுத்து வந்த பத்தாம் பயஸ் அதிகாரபூர்வமான வத்திக்கான் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, யார் வேண்டுமானாலும் அச்சிடட்டும் என்று திறந்துவிட்டார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். துறவிகளுக்கு அப்படி முடிக்க மனசில்லை. சுரங்களை வத்திக்கானுக்கு விட்டுக்கொடுத்தார்கள். சுரத்துக்கு மேலே எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்று காட்ட அவர்கள் வைத்த புள்ளியையும் கோட்டையும் மட்டும் விடவில்லை. அந்தக் குறிகள் போட்ட புத்தகம் வேண்டுமானால் அவர்களுடைய பதிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். பாட்டு இலவசம், புள்ளிக்குக் காசு. நம்மூர் பாகவதர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது சங்கீதத்தின் அதிர்ஷ்டம். தோன்றியிருந்தால் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனியாக பில் வந்திருக்கும்.

ஆபீசர் விடுகிறவர் இல்லை. பையில் முன்னுதாரணங்கள் அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் பழையது அயர்லாந்துக் கேஸ். 6-ஆம் நூற்றாண்டு. கொலும்பா என்ற துறவி, பின்னியன் என்ற துறவியிடம் இருந்த சங்கீதப் புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பி எடுத்துவிட்டார் என்று ஒரு கதை. பின்னியன் காப்பியும் எனக்கே என்றார். விவகாரம் தியர்மத் ராஜாவிடம் போனது. பசு யாருடையதோ கன்றும் அவருடையதே, ஏடு யாருடையதோ படியும் அவருடையதே என்கிற ரீதியில் ராஜா தீர்ப்புச் சொன்னார். கொலும்பா கோபித்துக்கொண்டு சொந்தக்காரர்களைத் திரட்டினார். 561 வாக்கில் பெரிய சண்டையே நடந்தது. ஆயிரக்கணக்கில் வெட்டுப்பட்டார்கள் என்று அந்த ஊர் ஏடுகள் சொல்கின்றன. வருத்தப்பட்ட கொலும்பா 563-ல் படகேறி ஸ்காட்லாந்துப் பக்கம் அயோனா தீவுக்குப் போய் மடம் கட்டினார், அர்ச்சிஷ்டரும் ஆனார். இத்தனை ரகளைக்கும் காரணமான சங்கீதங்களைப் பாடியவர் தாவீது ராஜா. அதை லத்தீனில் கொண்டுவந்தவர் ஜெரோம். வழக்கில் இரண்டு பேருக்கும் சம்மன்கூடப் போகவில்லை.

இதைக் கேட்டதும் உபதேசியார் காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்துப் பற்ற வைக்கிறார்.

"ராமேஸ்வரம் பெரிய கோயில்ல ஐயா கேட்டாச்சுங்களா? அங்கயும் விடிஞ்சா பாட்டுத்தான்."

நியாயமான கேள்வி. ராமேஸ்வரம் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அவர்கள் பாட்டுக்கும் ஒரு காலத்தில் பூட்டு விழுந்தது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் அடைந்து கிடப்பதாக நம்பியாண்டார் நம்பி மூலம் தெரிந்துகொண்ட ராசராச சோழன், திறக்கச் சொல்லிப் போய் நின்றானாம். தேவாரம் பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் சிவபதம் சேர்ந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அரசன் யோசித்தான். மூவருடைய திருவுருவங்களையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "இதோ, உரிமைக்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்றான். கதவு திறந்தது. உள்ளே பெரும்பகுதியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. பாட்டைக் கட்டியவர்கள் நேரில் வந்தே தீர வேண்டும் என்று ஒரு காப்பிரைட் அதிகாரி பிடிவாதம் பிடித்ததாக நமக்குத் தெரிந்த கதை இது ஒன்றுதான். அதிலும் அவர்கள் சிலையாகத்தான் வர முடிந்தது. அனுமதியே கேட்காமல் பாட்டை முழுசாக அனுபவித்தது கரையான்.

இந்த வேடிக்கையில் ஒரு விஷயம் உண்டு. பாட்டில் பேர் போட்டுக்கொள்வதில் நம் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில், ஊர்ப் பெயரும் தன் பெயரும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். திருக்கடைக்காப்பு என்று பேர். கையெழுத்துக்குப் பக்கத்திலேயே நிபந்தனையும் இருக்கும்: இந்தப் பத்தையும் பாடுகிறவர்களுக்கு வினை தீரும், வானுலகம் கிடைக்கும். உலகத்தில் லைசென்ஸ் எழுதிய எவரும், பாடுகிறவன் எனக்கு இன்னது தரவேண்டும் என்றுதான் எழுதினார்கள். பாடுகிறவனுக்கு நான் இன்னது தருகிறேன் என்று எழுதியவர் சீர்காழிக்காரர். ரசீதுப் புத்தகத்தோடு வந்த ஆபீசர் இதைப் படித்தால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரும் இந்த மரபுதான். 1774-ல் பிறந்து 1864 வரை இருந்தவர், சரபோஜி காலத்துப் பெரும்புலவர். ஞானக் கீர்த்தனைகளில் தன் பேரை முத்திரையாகப் பதித்து வைத்தார். 1853-ல், அவர் உயிரோடிருக்கும்போதே, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஆலயத்தில் பாடக் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். அதில் சாஸ்திரியார் பாட்டுகள் ஏராளம். அதற்கு ஆறு வருஷம் முன்னதாக, 1847-லேயே, கம்பெனி சர்க்கார் பதிப்புரிமைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தது. சட்டம் கல்கத்தாவில் இருந்தது. பாட்டு மதுரை கடந்து ராமநாதபுரம், பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம் என்று போய்க்கொண்டே இருந்தது. அச்சுக்கூடம் பேரை விட்டாலும் பாடுகிற வாய் விடாது. கடைசிச் சரணம் பாடாமல் கீர்த்தனையை முடிக்க முடியாதே!

சுதந்திரம் வந்தது. 1957-ல் நமக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் போட்டுக்கொண்டோம். கட்டணம் வாங்காமல் அமெச்சூர் குழு பாட்டு நிகழ்ச்சி நடத்தினாலும், மத நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலும் அது மீறல் இல்லை என்று அதில் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். ரோமிலும் கதவு திறந்தது. 1963 டிசம்பர் 4-ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. கீரியேயும் குளோரியாவும் மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்த கடற்கரைக் கிராமங்கள் தமிழ்ப் பூசைக்குத் தயாராகிற காலம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த இரவைப் பற்றிக் கேலி பேச இந்தக் கட்டுரைக்கும் வாய் வராது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய வேதக்கோயிலின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

தாய்மொழிக் கதவு திறந்ததில் சிகாகோவில் நடந்ததுதான் இன்றைய லைசென்ஸ் ராஜ்யத்துக்குத் திறப்புவிழா. லத்தீன் போனதும் அமெரிக்கக் கோயில்களுக்குப் புதுப் பாட்டுகள் வேண்டியிருந்தன. கிதாரோடு பாடுகிற பாட்டுகளை எப்.இ.எல். என்ற பதிப்பகம் போட்டது. நடத்தியவர் டென்னிஸ் பிட்ஸ்பாட்ரிக். தானே பாட்டுக் கட்டியவரும்கூட. அதே சமயத்தில் கோயில் ஆபீஸ்களுக்கு ஜெராக்ஸ் மிஷினும் வந்து சேர்ந்தது. ஒரு புத்தகம் வாங்கினால் ஊருக்கே போதும் என்ற ஞானம் பங்குத்தந்தைகளுக்குப் பிறந்தது. பொறுத்துப் பார்த்த பிட்ஸ்பாட்ரிக் 1976-ல் சிகாகோ மேற்றிராசனத்தின் மேல் வழக்குப் போட்டார். 1984-ல் ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு தீட்டியது. அப்பீலில் அதில் பெரும்பகுதி கழிந்தது. அந்தப் பதிப்பகத்தின் பேர்போன பாட்டு, நாம் காட்டும் அன்பை வைத்தே உலகம் நம்மைக் கிறிஸ்தவர் என்று கண்டுகொள்ளும் என்ற கருத்துள்ளது. உலகம் கண்டுகொண்டது, கோர்ட்டு வராந்தாவில் வைத்து.

தொகையைப் படித்த அமெரிக்கச் சபைகள் ஜெராக்ஸ் மிஷினைத் துணி போட்டு மூடின. அந்தப் பயத்துக்கு மருந்தாக 1988-ல் ஓரிகான் மாநிலம் போர்ட்லண்டில் சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை தலை வருகிறது என்று எண்ணி ஆண்டுக் கட்டணம் கட்டினால், அவர்கள் பட்டியலில் உள்ள பாட்டுகளின் வரிகளைத் தாளில் அச்சடிக்கலாம், திரையில் போடலாம். திரையில் பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் லைசென்ஸ் நம்பர் நிற்கும். எந்தப் பாட்டு எத்தனை முறை என்று சபைகள் கணக்கு அனுப்ப, எழுதியவர்களுக்கும் பங்கு போகிறது. அதைச் சொல்லாமல் விடுவது பாவம். சரித்திரத்தில் அபூர்வமாக நடந்த காரியம் அது.

இந்தியச் சட்டம் வேறு வழி போனது. 1994 திருத்தத்தில், மெய்யான சமயச் சடங்கின்போது பாடுவதும் இசைத்தட்டு ஒலிப்பதும் மீறல் இல்லை என்று எழுதினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நாம் இந்தியர்களா? கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சார்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் சமயச் சடங்கே என்று ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். அப்படியும் மண்டபத்தில் பாட்டுக்கு வசூல் பேச ஆள் வரவே, 2023 ஜூலையில் மத்திய அரசு சட்டத்தை மறுபடி வாசித்துக் காட்டி அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஆகவே மாப்பிள்ளை அழைப்பில் குத்துப் பாட்டுக்கு மாமா ஆடுவது சட்டப்படி பக்திச் செயல். அதே கல்யாணத்துப் பூசைக்காகப் பாட்டுப் புத்தகத்தை நூறு படி ஜெராக்ஸ் எடுப்பதற்கு அந்தப் பிரிவில் இடம் கிடையாது. பாடலாம், படி எடுக்கக் கூடாது. பின்னியன் துறவி கேட்டால் மகிழ்ந்துபோவார்.

கொரோனா வந்து பூசை யூடியூபுக்குப் போனதும் வேறொரு ஆபீசர் முளைத்தார். அவருக்குக் கோட்டும் இல்லை, கண்ணும் இல்லை, காது மட்டும் உண்டு. காணிக்கை நேரத்தில் போட்ட பழைய இசைத்தட்டு எந்தக் கம்பெனியுடையது என்று நொடியில் கண்டுபிடித்து, இந்தக் காணொளிக்கு உரிமை கோரப்பட்டுள்ளது என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார். 1994 திருத்தத்தை அவரிடம் வாசித்துக் காட்ட ஜன்னல் எங்கே இருக்கிறது என்று எந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் கச்சத்தீவு. தவக்காலத்தில் அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரைத் தமிழரும் அங்கே கூடுகிறார்கள். தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தப்படி இந்தியப் பக்தர்களுக்கு விசா தேவையில்லை. பாட்டுக்கு? தாகூரின் உரிமை 1991 முடிவில் காலாவதி ஆக இருந்தது என்று நம் சர்க்கார் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 என்றிருந்ததை 60 ஆண்டாக நீட்டியது. தாகூர் புண்ணியத்தில் எல்லாப் பாட்டுக்காரருக்கும் பத்து வருஷம் கொசுறு. இலங்கை 2003-ல் போட்ட சட்டத்தில் 70 ஆண்டு. ஆக, யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவர் காலமாகி 65 ஆண்டு ஆகியிருந்தால், அவர் பாட்டு ராமேஸ்வரம் ஜெட்டியில் ஊர்ச் சொத்து, கச்சத்தீவுக் கரையில் பேரப்பிள்ளைகள் சொத்து. நடுக்கடலில் எந்தச் சரணத்தில் எல்லை வருகிறது என்று பாடகர் குழுவுக்கு யார் சொல்வது? வழிபாட்டுக்கு விலக்கு உண்டு என்பார் வக்கீல். சரி, படகிலேயே ஒத்திகை பார்க்கிறார்களே, அது வழிபாடா, ஒத்திகையா?

2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தது. இப்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுகிறது. ஷெர்சர் பேருக்கு ஒருவழியாக ஓய்வு. நம் கற்பனை ஆபீசரையும் அதில் ஏற்றி இன்னொரு முறை அனுப்பலாம். இந்த முறை கையில் டேப்லெட். தங்கச்சிமடம் பக்கம் ஒரு கோயில் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், நேற்றுப் பூசையில் பாடிய பாட்டு யாருடையது என்று கேட்கிறார்.

"நான் கட்டுனதுதான்யா."

ஆபீசருக்குக் கை நடுங்குகிறது. பணி அனுபவத்தில் பாட்டைக் கட்டியவரை நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை.

"ராயல்டி வருகிறதா?"

"கேசட்டு போட்டவன் சம்பாரிச்சான். பெறகு சி.டி. போட்டவன். இப்ப யூடியூபுல எவனோ. ஐயா நீங்க தரப்போறியளா?"

"எங்களிடம் வசூலிக்கத்தான் ரசீது இருக்கிறது. வாங்க வேண்டுமென்றால் நீங்கள் உறுப்பினராகச் சேர வேண்டும். இதோ படிவம். பாட்டின் பெயர் சொல்லுங்கள். சரி. அடுத்து, படத்தின் பெயர்?"

"படமா? ஆரோக்கிய மாதா படம்யா. அதுக்கு முன்னாடி உக்காந்துதான் கட்டுனேன்."

ஆபீசர் தட்டிக்கொள்கிறார்: ஆரோக்கிய மாதா.

"வெளியான ஆண்டு?"

"வெளிய எங்க எடுத்தாக? எங்க ஆத்தா காலத்துலேருந்து உள்ளதான் மாட்டிக் கெடக்கு."